யாருக்குத் தூரம் அந்தக் கிழக்கு?

எங்கள் துறைப் பாடத்திட்டத்தில் அந்தத் தாளின் பெயர் வெகுகாலம் 'தூரக் கிழக்கு நாடுகளின் வரலாறு' என்றே இருந்தது. இப்போது 'கிழக்காசிய வரலாறு' என்று மாற்றியிருக்கிறோம். ஆனாலும் மாணவிகள் இன்னமும் 'ஃபார் ஈஸ்ட் பேப்பர்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் அந்தப் பெயரில்தான் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கின்றன. பருவத்தின் முதல் வகுப்பில் உலகப் படத்தை மாட்டி, நூலைக் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்வேன். சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தொலைவோ அதில் பாதிகூட இல்லை, சீனத்தின் குவாங்சௌ நகரம். தூரக் கிழக்கு என்பது லண்டனில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தவர்கள் வைத்த பெயர். பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்று கேட்கப் பழகிவிட்டால், பிறகு அதே கேள்வியை ஆணும் பெண்ணும் குறித்துக் கேட்பது மாணவிகளுக்குச் சிரமமாக இருப்பதில்லை.

தமிழருக்கும் சீனத்துக்கும் உள்ள உறவு என்றால் நம் மேடைகளில் உடனே வருவது சுவான்சௌ துறைமுக நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. கடல் கடந்த வணிகம், சிவன் கோயில், கேட்கவே இனிமையாக இருக்கும். 1841 மே மாதக் கடைசியில் குவாங்சௌவுக்கு அருகே சான்யுவான்லி என்ற கிராமத்தில் நடந்ததைப் பேச மேடை கிடைப்பதில்லை. முதல் அபினிப் போர் அது. வங்காளத்திலும் பிகாரிலும் விளைந்த அபினியை விற்பதற்காக நடந்த போரில் 37ஆம் மதராஸ் காலாட்படையும் இருந்தது. நம் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனிச் சம்பளத்துக்குப் போன சிப்பாய்கள். கொட்டும் மழையில் துப்பாக்கி மருந்து நனைந்துபோக, அவர்களில் ஒரு பிரிவைக் கிராமத்து மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். சீனப் பாடநூல்களில் அது அந்நியருக்கு எதிரான மக்கள் எழுச்சியின் தொடக்கப் புள்ளி. அந்த எழுச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் படையினர் கல்லறைகளைத் தோண்டியதும் பெண்களை வன்கொடுமை செய்ததும் இடம்பெறுகின்றன. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சங்கடமான அமைதி வரும். அந்த அமைதியை நான் அவசரப்பட்டுக் கலைப்பதில்லை. அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் ஆண், இன்னொரு நாட்டுக் கிராமத்துப் பெண்ணுக்கு எதிரே ஆயுதத்தோடு நின்றான் என்பதைக் கல்வெட்டுப் பெருமையோடு சேர்த்தே படிக்கத்தான் வேண்டும்.

சரி, அந்தத் தாளுக்குள் பெண்கள் எத்தனை பேர்? நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்து அலகுகளிலும் சேர்த்து ஒரே ஒரு பெண்ணின் பெயர் இருந்தது: பேரரசி சிஷி. 1898இல் சீர்திருத்தம் செய்ய முயன்ற இளம் பேரரசரைச் சிறைவைத்தவர், கடற்படைப் பணத்தைக் கோடைக்கால அரண்மனைக்குச் செலவிட்டவர், ஒரு சாம்ராஜ்யத்தையே கெடுத்த கைம்பெண். பெண்ணால் கெட்ட குடி என்ற கதை நமக்குப் புதிதா என்ன? அவரை நல்லவராக்குவது என் வேலையில்லை. ஆனால் மஞ்சு அரசின் வீழ்ச்சிக்குக் கடன், கலகம், படையெடுப்பு என்று நூறு காரணங்கள் இருக்க, ஒரு பெண்ணின் சுபாவத்தைத் தனிக் காரணமாக எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிவிடலாம் என்பது வரலாற்றுத் துறைக்கே அவமானம். இதற்கு மேல் சிஷிக்காக நேரம் செலவிடுவதில்லை. பேச வேண்டிய பெண்கள் வேறு.

பாதம் கட்டும் வழக்கத்துக்கு நான் மூன்று வகுப்புகள் எடுத்துக்கொள்கிறேன். பாடநூலில் அது ஒரே வரி: 'பெண்களின் பாதங்களைக் கட்டும் காட்டுமிராண்டிப் பழக்கம் ஒழிக்கப்பட்டது.' யார் ஒழித்தார்கள், ஏன் அப்போது, ஒழித்தபோது கட்டிய பாதத்தோடு இருந்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்ற எதுவும் அந்த வரியில் இல்லை. ஐந்து முதல் எட்டு வயதுக்குள் சிறுமியின் பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டுபவர் பெரும்பாலும் அம்மா. சோங் காலத்தில் மேட்டுக்குடியில் பரவத் தொடங்கிய பழக்கம், சிங் காலத்தில் உழவர் வீடுகள் வரை வந்துவிட்டது. ஆண்ட மஞ்சுக்கள் தங்கள் பெண்களுக்குக் கட்டவில்லை. ஹக்கா பெண்களும் கட்டிக்கொள்ளவில்லை. மஞ்சு அரசர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே தடை போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

ஆணின் காமம், அழகு பற்றிய வக்கிரம் என்ற விளக்கத்தோடு பல நூல்கள் நின்றுவிடும். அது பொய்யில்லை. ஆனால் ஓர் ஏழை உழவர் வீட்டில், வேலைக்கு ஆள் போதாத வீட்டில், ஏன் கட்டினார்கள்? லாரல் பாசன், ஹில் கேட்ஸ் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் சீனக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூதாட்டிகளிடம் பேசி 2017இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சிறுவயதில் உன் கை என்ன வேலை செய்தது என்பதுதான் அவர்கள் கேட்ட முக்கியமான கேள்வி. நூற்பது, நெய்வது, பாய் பின்னுவது: ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்யும் வேலைகள். ஆறு வயதுக் குழந்தையை ஓடவிடாமல் ராட்டையின் முன் உட்கார வைக்கக் கட்டிய பாதம் உதவியது. கையால் நூற்ற நூலுக்கு விலை இருந்த வட்டாரங்களில் வழக்கம் நீடித்தது. ஆலை நூல் வந்து கைநூலைக் கொன்ற இடங்களில் சட்டம் வருவதற்கு முன்பே தளரத் தொடங்கியது. இதை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. டோரதி கோ போன்ற வரலாற்றாசிரியர்கள், அந்தப் பெண்கள் தாங்களே தைத்து அணிந்த காலணிகளையும் அவர்களின் சுயமரியாதையையும் முன்வைத்து வேறு கோணத்தில் எழுதினார்கள். இரண்டையும் படிக்கச் சொல்கிறேன். பாதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த உலகத்தில் முதன்முறையாக யாரோ கையைப் பார்த்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் சீர்திருத்தக்காரர்கள் கையைப் பார்க்கவேயில்லை. லியாங் சிசாவ் 1897இல் பெண் கல்வியை ஆதரித்து எழுதிய கட்டுரையில், சீனத்தின் இருபது கோடிப் பெண்களும் உண்பவர்களே தவிர ஒருவரும் உற்பத்தி செய்பவர் இல்லை என்று வாதிட்டார். நாடு ஏழையாகக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாம். பெண்ணைப் படிக்கவை, பாதத்தை அவிழ்த்துவிடு, அவள் நாட்டுக்குப் பயன்படுவாள். நல்ல நோக்கம்தான். அவர் உடுத்தியிருந்த துணியின் நூலை நூற்றது யார் என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு 1902இல் பேரரசி சிஷியே பாதம் கட்டுவதைக் கைவிடும்படி ஆணை வெளியிட்டார். குடியரசுக் காலத்தில் ஷான்ஸி மாகாணத்தை ஆண்ட யென் ஷிஷான் அபராதம் விதித்தார், வீடுவீடாகப் பரிசோதிக்க ஆள் அனுப்பினார். முப்பது வயதுப் பெண்ணின் கட்டை அவிழ்த்தால் மடங்கிய எலும்பு நிமிராது. அவிழ்ப்பதும் வலி, அவிழ்த்த பிறகு நடப்பதும் வலி. சிறுமியாக இருந்தபோது கட்டியதற்காக அழுதவள், அம்மாவான பிறகு அவிழ்க்கச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டாள். நாகரிகத்தின் பெயரால் அவளுடைய கால் மறுபடியும் ஊரார் பார்வைக்கு வந்தது.

இங்கேதான் ஹெ-யின் ஜென் வகுப்புக்குள் வருகிறார். 1907இல் தோக்கியோவில் இருந்த சீன அராஜகவாதிகளில் ஒருவர். 'இயற்கை நீதி' என்ற பொருள்படும் 'தியென்யி' இதழை நடத்தியவர். தந்தையின் குடும்பப் பெயரான 'ஹெ'யோடு தாயின் குடும்பப் பெயரான 'யின்'னையும் சேர்த்துக்கொண்டார். இந்த ஒரு தகவலுக்கே வகுப்பில் சலசலப்பு எழும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் முதல் எழுத்து இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்தை ஒருத்தி உரக்கப் படித்துக் காட்டினாள்: எஸ், கே, எம், ஆர், பி, எஸ், எஸ். 'இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்காங்க மேம், ஒரு அம்மாகூட இல்ல.'

ஹெ-யின் ஜென்னின் வாதம் இன்றும் சுடுகிறது. ஆண்கள் இப்போது பெண் விடுதலை பேசுவது ஏன்? படித்த மனைவி, கட்டாத பாதம், மேல்நாட்டு உடை என்று உலகத்தின் முன் காட்டிக்கொண்டால் தங்களை நாகரிகமானவர்கள் என்று மதிப்பார்கள் என்பதற்காக. வீட்டுச் செலவுக்குப் பெண்ணும் சம்பாதித்தால் தங்கள் பாரம் குறையும் என்பதற்காக. விடுதலையை ஆண் கொடுத்துப் பெண் வாங்கிக்கொண்டால், கொடுத்தவனுடைய லாபத்துக்கான விடுதலையாகத்தான் அது இருக்கும் என்றார். ஆலைக்குப் போகும் பெண் சுதந்திரமடைந்துவிட்டாள் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டு எஜமானிடமிருந்து ஆலை எஜமானிடம் போயிருக்கிறாள், அவ்வளவுதான். சீன மொழியில் பொதுவுடைமை அறிக்கையின் பகுதிகளை முதலில் வெளியிட்ட இதழ்களில் 'தியென்யி'யும் ஒன்று. ஆனால் நெடுங்காலம் ஹெ-யின் ஜென் வரலாற்று நூல்களில் 'லியூ ஷிபெய் என்ற அறிஞரின் மனைவி'யாகவே இருந்தார். அவருடைய கட்டுரைகளில் சிலவற்றைக் கணவர் எழுதியவை என்று கொண்டவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு நூல் அவரை முறையாக அறிமுகப்படுத்தியது 2013இல்தான். அந்த மொழிபெயர்ப்பிலிருந்து சில பக்கங்களைத் தமிழாக்கித் தட்டச்சு செய்து கொடுத்துவருகிறேன்.

அடுத்து ஜப்பான். நம் பல்கலைக்கழக வினாத்தாள்களில் வற்றாத கேள்வி ஒன்று உண்டு: 'ஜப்பான் நவீனமானது, சீனம் வீழ்ந்தது, காரணங்களை விளக்குக.' மெய்ஜி மீட்சி, 1868. தொலைநோக்குள்ள தலைவர்கள், கட்டாயக் கல்வி, ராணுவச் சேர்ப்பு, ரயில், கடற்படை. பதினைந்து மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்தக் கப்பல்களை வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை வேறு இடத்துக்கு அழைத்துப்போகும். துறைமுகங்கள் திறந்ததிலிருந்து 1930கள் வரை ஜப்பானின் தலையாய ஏற்றுமதி கச்சாப் பட்டு. 1909 வாக்கில் சீனத்தையே முந்தி உலகில் முதலிடம். அந்தப் பட்டை நூற்ற கைகள் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபது வயதுக்குள் இருந்த பெண்களின் கைகள்.

அரசு 1872இல் தொமியோகாவில் மாதிரிப் பட்டாலையைத் திறந்தபோது வேலைக்குப் பெண்கள் வரவில்லை. அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் சிவப்பு ஒயின் குடித்ததைப் பார்த்து, பெண்களின் ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி பரவியதாம். சாமுராய்க் குடும்பப் பெண்களை முன்மாதிரியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான வாதா எய் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் பெருமிதம் தெரிகிறது. நாட்டுக்காகப் போகிறோம் என்று நம்பிப் போன தலைமுறை அது. அடுத்த தலைமுறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாகானோ மாகாணத்தின் சுவா ஏரிக்கரை ஆலைகளுக்கு ஹிதா மலைக் கிராமங்களிலிருந்து சிறுமிகள் பனிமூடிய நோமுகிக் கணவாயைக் கால்நடையாகக் கடந்து போனார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. முன்பணம் வாங்கியவரும் அப்பா. பெண் நடுவில் ஓடிவந்துவிட்டால் அபராதத்தோடு அதைத் திருப்பித் தர வேண்டும்.

அந்த ஆலைகளின் கூலி முறையைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினால்தான் அதன் சாமர்த்தியம் புரியும். ஒவ்வொருத்தியின் நூலையும் அளவு, தரம், வீணான கூடு என்று சோதித்து எல்லோரையும் தரவரிசைப்படுத்துவார்கள். கூலிக்கென ஒதுக்கிய மொத்தத் தொகை மாறாது. ஒருத்தியின் கூலி ஏறினால் இன்னொருத்தியின் கூலி இறங்கும். முதலாளி கையிலிருந்து ஒரு காசு கூடுதலாகப் போகாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எதிரியாகிவிடுவாள். கொதிநீரில் வெந்த கூட்டிலிருந்து இழை எடுக்கும் விரல்கள் புண்ணாகும். ஆவி நிறைந்த கூடம், நெருக்கமான விடுதி, அதில் காசநோய். இஷிஹாரா ஒசாமு என்ற மருத்துவர் 1913இலேயே ஆலைப் பெண்களையும் காசநோயையும் பற்றி ஆய்வு வெளியிட்டார். நோய் முற்றியவர்களை ஊருக்கு அனுப்பிவிட, நோய் கிராமங்களுக்குப் பரவியதை அவர் காட்டினார். 1911இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம் 1916இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு இரவு வேலைத் தடை வர 1929 ஆயிற்று. அதற்கெல்லாம் முன்பே, 1886இல், கோஃபு நகரின் அமேமியா ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலைநேரக் கூட்டலையும் கூலிக் குறைப்பையும் எதிர்த்து வேலையை விட்டு வெளியேறி ஒரு கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஜப்பானின் முதல் வேலைநிறுத்தம் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். பாடநூலின் 'தொழிலாளர் இயக்கம்' என்ற தலைப்போ ஆண்களின் சங்கங்களோடுதான் தொடங்குகிறது.

இந்தப் பகுதியை நடத்தும்போது யாரும் குறிப்பெடுப்பதில்லை, பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருத்தியின் அக்கா மூன்று வருடம் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் இருந்தவள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். 'கையெழுத்து எங்கப்பாதான் போட்டாரு மேம்' என்றாள். நான் சொல்லித்தர வேண்டிய ஒப்பீடு இல்லை அது. வேறுபாடுகளையும் கேட்கச் சொல்கிறேன், சட்டம் வேறு, காலம் வேறு. ஆனால் பெண்ணின் உழைப்பை அவளுக்குப் பதிலாக இன்னொருவர் விற்கும் ஏற்பாடு எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை.

கேட்கச் சங்கடமான இன்னொன்றும் இருக்கிறது. யமாமோதோ ஷிகெமி என்ற எழுத்தாளர் நோமுகிக் கணவாயைக் கடந்த நூற்றுக்கணக்கான மூதாட்டிகளைத் தேடிப்பிடித்துப் பேசி 1968இல் நூலாக்கினார். ஆலைச் சாப்பாடு மோசம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஊரில் தினையும் கூழும். அங்கே அரிசிச் சோறு. போனது நல்லதுதான் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அப்படியானால் சுரண்டல் இல்லையா என்று மாணவிகள் கேட்கிறார்கள். பாதி வழியில் இறந்தவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இருக்கவில்லை என்பது ஒரு விடை. வீட்டில் அதைவிட மோசமாக இருந்தது என்பது இன்னொரு விடை. சம்பாதித்த பணத்தை வீட்டில் வைத்தபோது அம்மா முகத்தில் கண்ட சந்தோஷம் மூன்றாவது விடை. மூன்றையும் எழுத வேண்டும். பெண்களின் வாக்குமூலம் நமக்குப் பிடித்த முடிவுக்கு ஒத்துவரும்போது மட்டும் அதை ஏற்றுக்கொள்வது பெண்ணியமும் ஆகாது, வரலாறும் ஆகாது.

ஆலைப்பெண்களைப் பற்றிய புகழ்பெற்ற முதல் நூல் 1925இல் வந்த 'ஜோகோ ஐஷி'. ஆலைப்பெண்களின் துயர வரலாறு என்று பொருள். ஆசிரியர் ஹொசோயி வாகிசோ, தானும் பஞ்சாலைத் தொழிலாளி. அவரோடு வாழ்ந்த தகாயி தோஷியோ சிறுவயதிலிருந்தே ஆலையில் வேலை செய்தவர். பெண்கள் விடுதிக்குள் நடப்பவற்றை அவருக்குச் சொன்னவர். அவர் உட்கார்ந்து எழுதியபோது வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றியவர். நூல் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே ஹொசோயி இறந்துபோனார். நூல் நன்றாக விற்றது. ஆனால் அவர்களுடைய திருமணம் பதிவாகவில்லை. தோஷியோ சட்டப்படி மனைவி இல்லை, வாரிசும் இல்லை. அவர் மறுபடியும் கூலி வேலைக்கே போனார்.

கால வரிசையையும் ஒருமுறை மாற்றிப் போட்டுப் பார்க்கிறோம். 1889இல் அரசியலமைப்பு, 1890இல் முதல் தேர்தல்: பாடநூலில் இது முன்னேற்றம். அதே 1890இல் பெண்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 1900இல் அது காவல் சட்டமாக இறுகியது. கூட்டத்துக்குப் போகும் உரிமை கிடைக்க 1922 ஆனது. 1925இல் 'அனைவருக்கும் வாக்குரிமை' வந்தபோது அந்த 'அனைவரு'ம் ஆண்கள். 1946 ஏப்ரலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்து 39 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இந்த ஆண்டுகளை வைத்து எழுதினால் மெய்ஜி காலத்துக்குப் பெண்கள் என்ன பெயர் வைப்பார்கள் என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன்.

பருவத்தின் கடைசி அலகு, போர்க்காலம். ஜப்பானிய ராணுவம் கொரியாவிலிருந்தும் சீனம், தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்தும் பெண்களைக் கொண்டுபோய் அடைத்து வைத்த ராணுவ விடுதிகளைப் பற்றிய பாடம். இங்கே முதல் தடை சொல்தான். ஜப்பானியச் சொல் 'இயான்ஃபு'. நேராகத் தமிழாக்கினால் 'ஆறுதல் பெண்கள்'. யாருக்கு ஆறுதல்? கொடுமை செய்தவனின் பார்வையில் வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சண்டை வரும். இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் வருகிறது. இலங்கையைச் சேர்ந்த ராதிகா குமாரசுவாமி, ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த சிறப்பு அறிக்கையாளராக 1996இல் அளித்த அறிக்கையில், 'ராணுவப் பாலியல் அடிமைமுறை' என்பதே சரியான சொல் என்று வாதிட்டார். 2014இல் ஜப்பான் அரசு அறிக்கையின் ஒரு பகுதியைத் திருத்தக் கோரியபோது மறுத்துவிட்டார். நாங்கள் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறோம். பழைய சொல்லை மேற்கோள் குறிக்குள் வைக்கிறோம், ஆவணங்களில் அது அப்படித்தான் இருக்கிறது என்பதால்.

பட்டாலைப் பாடத்தைப் படித்த பிறகு இதற்கு வருவதில் ஒரு காரணம் இருக்கிறது. கொரியச் சிறுமிகளில் பலரிடம் முகவர்கள் சொன்ன பொய், 'ஆலையில் வேலை வாங்கித் தருகிறோம்.' ஏழை வீட்டுப் பெண்ணை முகவர் வந்து தொலைதூர ஆலைக்கு அழைத்துப்போவது அதற்குள் சாதாரணமாகிவிட்டிருந்ததால்தான் அந்தப் பொய் எடுபட்டது. கொரியாவில் போர்க்கால உழைப்புப் படையைக் குறித்த 'ஜோங்ஷின்தே' என்ற சொல்லும் இந்தக் கொடுமையைக் குறிக்கும் சொல்லும் பல ஆண்டுகள் கலந்தே வழங்கின. 1990இல் பெண்கள் அமைத்த இயக்கத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது.

'46 வருஷம் ஏன் மேம் யாரும் பேசல?' என்பது தவறாமல் வரும் கேள்வி. பேசவேயில்லை என்பது சரியில்லை. தோக்கியோ விசாரணையில் சில சான்றுகள் வந்தன, குற்றமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1948இல் பதாவியாவில் டச்சுப் பெண்களுக்கு நேர்ந்ததற்குத் தண்டனை கொடுத்தார்கள். ஆசியப் பெண்களுக்காக அப்படி ஒரு நீதிமன்றம் கூடவில்லை. 1965இல் ஜப்பானும் தென்கொரியாவும் உடன்படிக்கை செய்தபோது மேசைக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஓகினாவாவில் தங்கிவிட்ட பே போங்-கி என்ற கொரியப் பெண்ணின் கதை 1975இலேயே வெளியில் வந்தது. அதை இயக்கமாக்க அன்றைய ராணுவ ஆட்சியில் இடமில்லை. 1987க்குப் பிறகு ஜனநாயகம் வந்தது, பெண்கள் அமைப்புகள் வலுப்பெற்றன. ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர் யுன் சுங்-ஓக் பல ஆண்டுகள் அலைந்து தேடியவற்றை 1990இல் செய்தித்தாளில் எழுதினார். அந்தப் பெண்களின் வயதுதான் அவருக்கும். ஆள்பிடிப்புக்குப் பயந்து கல்லூரியை விட்டு நின்றதால் தப்பியவர். 1991 ஆகஸ்ட் 14 அன்று 67 வயது கிம் ஹாக்-சுன் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். 1992 ஜனவரியில் சோல் நகர ஜப்பானியத் தூதரகத்தின் முன் புதன்கிழமைப் போராட்டம் தொடங்கியது. அதே மாதம் வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாகி பாதுகாப்புத் துறை நூலகத்தில் கண்டெடுத்த ராணுவ ஆவணங்கள் வெளிவந்தன. அதுவரை தனியார் தரகர்களின் வேலை என்று சொல்லிவந்த அரசு, 1993இல் கோனோ அறிக்கையில் ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டது.

ஆவணம் கிடைத்த பிறகுதான் நம்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு பெண் தன் உடலுக்கு நேர்ந்ததைச் சொன்னால் அது 'கூற்று'. ஓர் அதிகாரி முத்திரையிட்ட காகிதம் சொன்னால் அது 'சான்று'. போர் முடிந்தபோது எரித்த காகிதங்கள் எத்தனையோ. மறுப்பவர்கள் விடாமல் பிடித்துக்கொள்வது வாக்குமூலங்களில் உள்ள முரண்களைத்தான்: ஒருமுறை ஒரு வருடம், இன்னொருமுறை வேறு வருடம். உள்தேர்வில் இதையே கேள்வியாக வைத்தேன். ஒருவரே வெவ்வேறு ஆண்டுகளில் அளித்த இரு வாக்குமூலங்களில் தேதி மாறியிருந்தால் வரலாற்றாசிரியர் என்ன செய்ய வேண்டும்? ஒருத்தி எழுதியிருந்தாள்: எங்கள் பாட்டிக்கு ரேஷன் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது, அதனால் பாட்டி பிறக்கவேயில்லை என்று யாரும் சொன்னதில்லை. பத்துக்கு எட்டு போட்டேன். முரண் எதனால் வந்தது, கேட்டவர் என்ன கேட்டார், எந்த மொழியில் கேட்டார், எந்தக் காலண்டரில் கணக்கிட்டார்கள் என்று ஆராயும் பகுதியை அவள் எழுதவில்லை. நம்புவது வேலையின் பாதிதான்.

2000 டிசம்பரில் தோக்கியோவில் பெண்களே ஒரு தீர்ப்பாயம் கூட்டினார்கள். ஜப்பானியப் பத்திரிகையாளர் மாட்சுயி யாயோரி முன்னின்ற முயற்சி அது. வடகொரியாவும் தென்கொரியாவும் சேர்ந்து ஒரே குற்றப்பத்திரிகை வாசித்தன. மறைந்த பேரரசர் ஹிரோஹிதோ பொறுப்பாளி என்று தீர்ப்பாயம் சொன்னது. சட்ட வலு இல்லை. 2015இல் இரு அரசுகளும் 'இறுதியான, மீளமுடியாத' தீர்வு என்று ஓர் உடன்பாட்டை அறிவித்தன. உயிரோடிருந்த மூதாட்டிகளைக் கலந்து பேசாமல் செய்த உடன்பாடு. எதிர்ப்பு உடனே எழுந்தது. அந்த மூதாட்டிகளைக் கொரியர்கள் 'ஹல்மோனி' என்கிறார்கள், பாட்டி என்று அர்த்தம். என் மாணவிகளும் விடைத்தாளில் 'கிம் ஹாக்-சுன் பாட்டி' என்று எழுதுகிறார்கள். வெளித்தேர்வில் அதற்குச் சிவப்புக் கோடு விழும் என்று எச்சரிக்கிறேன், சிலர் கேட்பதில்லை.

போட்டித் தேர்வுக்கு உதவாத தாள் என்று இதை எடுத்துவிடும் பேச்சு பாடத்திட்டக் கூட்டங்களில் அவ்வப்போது வருகிறது. இப்போதைக்கு விருப்பத்தாளாக நிற்கிறது. சேருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருத்தி தனியாக ஜப்பானிய மொழி படிக்கிறாள்; ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும் என்பது கணக்கு. தகாயி தோஷியோ 1980இல், தன் எழுபதுகளில், தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டார். அதன் அட்டைப்படத்தைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள்: 'வாதாஷி நோ ஜோகோ ஐஷி.' கணவர் நூலின் அதே தலைப்பு, முன்னால் மட்டும் இரண்டு சொற்கள் கூடுதல். அந்த இரண்டையும் எங்களுக்கு முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் மேம், 'என்னுடைய' என்று அர்த்தம் என்றாள்.